உள்ளங்கை அளவு

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று பத்து. 2009 ஆகஸ்ட் நாலு, செவ்வாய்க்கிழமை. சபியா சிவகாசியில் தங்கள் நாட்டு மருந்துக் கடையில் உட்கார்ந்து ஒரு பெரியவருக்குக் கடுக்காய்த் தோல் நிறுத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் சாபிர் பைக்கைத் தெருவிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவன் கையிலிருந்த செல்போனில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மைனி, கடைய அடைங்க" என்றான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. தராசுத் தட்டில் இருந்ததைக் காகிதத்தில் கொட்டி மடித்துப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவள் கணவர் உதுமான் விருதுநகரில், கலெக்டர் ஆபீஸ் மாடி நடையில், பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். ஒரு விசாரணைக்காக ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்தரை வரை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருந்தவர், பாய் தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, தன் தோளில் அந்தத் தலையைத் தாங்கிக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் இருந்திருக்கிறார். அந்த வளாகத்தில் அன்றைக்கு உதுமானுக்கு மரியாதை செய்த ஒரே ஆள் அவர்தான். பெயர் தெரியவில்லை.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. ஆண்கள் முன் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சபியா திரைக்கு உள்ளே. புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கம். இத்தா என்பார்கள். அன்று மாலையே அது தொடங்கிவிட்டது. திரைக்கு வெளியே குரல்கள் மட்டும்தான் வந்தன. அதில் ஒரு குரலைக் கேட்டதும் அவள் முதுகு நிமிர்ந்தது.

"உதுமான் பாய் மாதிரி ஒரு மனுசன் இந்த ஜில்லாவுல கிடையாது. எம்புட்டுப் பேரு உசுரைக் காப்பாத்துன கை!"

முத்துராமலிங்கம். வெம்பக்கோட்டைப் பக்கம் நாற்பது ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளவர். அவர் பட்டாசுக் கம்பெனிக்காரர் இல்லை, அப்படித்தான் சொல்லிக்கொள்வார். பருத்தி போட்டு மழை ஏமாற்றிய காட்டில் நாலு தகரக் கொட்டகை போட்டிருந்தார். சீசனில் கம்பெனிகளுக்கு ஆர்டர் மீறிப்போகும்போது, மீறிய வேலை ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கொட்டகைக்கு வரும். லைசென்சும் கிடையாது, தீயணைக்கிற மணல் வாளியும் கிடையாது.

"சோறு தண்ணி இல்லாம அங்கன போயி உக்காந்திருக்காக பாரும். என்ன அவசியம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாமளே பேசி முடிச்சிருப்போம்" என்றார் அவர்.

திரைக்குப் பின்னாலிருந்து சபியா சொன்னாள்: "அவுகளுக்கு நீங்க செஞ்சது போதும். எந்திரிச்சுப் போங்க."

சாபிர் திரையருகே வந்து, "மைனி, துக்கம் கேக்க வந்தவுகள..." என்று பல்லைக் கடித்தான்.

"துக்கம் கேக்க வரல. ஆளு போயிட்டாரான்னு பாக்க வந்திருக்காரு. போயிட்டாரு. பாத்தாச்சுல்ல?"

முத்துராமலிங்கம் செருப்பைத் தேடுகிற சத்தம் கேட்டது. சாபிர் அவரைக் கார் வரைக்கும் கொண்டுபோய் விட்டான். சாபிருக்கு அச்சுத் தொழில். பட்டாசுப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள் அடித்துக் கொடுப்பான். அந்தக் கொட்டகைச் சரக்குக்கும் லேபிள் வேண்டியிருந்தது.

உதுமான் வைத்தியர் இல்லை. அவரே அப்படிச் சொல்ல விடமாட்டார். வாப்பா நடத்திய கடை, அவர் நடத்தினார். சுக்கு, திப்பிலி, அதிமதுரம், வசம்பு என்று ஊரில் நாலு பேர் விற்கிற அதே சரக்குதான். ஆனால் தீக்காயத்துக்கு அவர் கடைக் குங்கிலிய வெண்ணெய்க்கு ஒரு பெயர் இருந்தது. குங்கிலியத்தைப் பொடித்து, நல்லெண்ணெயில் உருக்கி, வடிகட்டி, தண்ணீரில் ஊற்றிக் கடைவார்கள். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் பால் மாதிரி வெளுத்து வெண்ணெயாகத் திரண்டு நிற்கும். தடவினால் எரிச்சல் அடங்கும். பட்டாசு ஊரில் அப்படி ஒரு சரக்கு விற்காமல் இருக்குமா?

ஆண்களுக்கு அவர் பூசிவிடுவார். பெண்களை அவர் தொடமாட்டார். அதற்குச் சபியா. கல்யாணமாகி வந்தபோது அவள் விருதுநகரில் பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருந்தாள். செடிகளின் லத்தீன் பெயரெல்லாம் சொல்வாள். "பேரு எனக்கு எதுக்கு, விலை சொல்லு" என்று அவர் கேலி செய்வார். பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருஷம் அவர் கடையின் முன்பக்கமும் இவள் பின்பக்கமுமாக ஓடியது.

அந்தக் கடைக்கு இரண்டு சட்டம் இருந்தது. எங்கே சுட்டது என்று கேட்கக் கூடாது, இது வாப்பா காலத்துச் சட்டம். கேட்டால் ஆள் வரமாட்டான். வீட்டில் திருட்டுத்தனமாகத் திரி சுற்றுகிறவன், கொட்டகையில் வெடிமருந்து கலக்குகிறவன், எவனும் பெரியாஸ்பத்திரிக்குப் போகமாட்டான். அங்கே தீக்காயம் என்றால் பதிவேட்டில் ஏற்றிப் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். போலீஸ் வந்தால் கொட்டகை போகும், கொட்டகையோடு கூலியும் போகும்.

இரண்டாவது சட்டம் உதுமான் போட்டது. காயம்பட்டவரின் உள்ளங்கையை எடுத்துக் காயத்தின் மேல் தொடாமல் பிடிப்பார். தன் கையை அல்ல, அவர்களுடைய கையை. பிள்ளை என்றால் பிள்ளையின் கை. அந்தக் கைக்குள் காயம் அடங்கினால் வெண்ணெய். அடங்காவிட்டால், அல்லது முகத்தில் பட்டிருந்தால், புகை குடித்திருந்தால், வெண்ணெய் கிடையாது, பஸ்.

"பெரியாஸ்பத்திரியில எழுதுவாக பாய்."

"எழுதட்டும்."

"வேல போயிரும்."

"தோல் போனா வேல எதுக்குலே? ஏறு."

ஒரு போர்மேன் கடை வாசலில் நின்று கத்தினான்: "நீரு என்ன வைத்தியரா, பஸ் கண்டக்டரா?"

"கண்டக்டருதான். விசில் ஊதியாச்சு. ஏறப் போறியா, நான் ஏத்தட்டுமா?"

அப்படி அவர் ஏற்றிவிட்டவர்களில் எத்தனையோ பேர் பிறகு அந்தக் கடைப்பக்கமே வரவில்லை. அவரைத் திட்டிக்கொண்டுதான் பிழைத்திருந்தார்கள்.

அவருக்கே சர்க்கரை இருந்தது. மாதம் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று மாத்திரை வாங்குவார். அங்கே தெரிந்தவன் ஒருவன், "ஏலே, நாட்டு மருந்துக்காரரு இங்கிலீஷ் மாத்திரை முழுங்குதாரு டோய்" என்று வரிசைக்கே கேட்கும்படி சொன்னபோது, அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "என் சர்க்கரைக்கு என் கடையில மருந்து இருந்தா, ஒங்கூட எதுக்குலே நான் வரிசையில நிக்கேன்?"

இந்த மனிதரைத்தான் அரசாங்கம் மேடையில் ஏற்றியது.

2008-இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவு திறந்தார்கள். தேசிய அளவில் திட்டம், டெல்லிப் பணம். நம் மருத்துவத்தை வீட்டு மூலையிலிருந்து எடுத்து நாட்டின் ஆஸ்பத்திரிக்குள் உட்காரவைக்கப் போகிறோம் என்று விருதுநகரில் ஒரு கூட்டம். பேசியவர்கள் எல்லோரும், பாரம்பரிய மருத்துவமும் நவீன மருத்துவமும் கைகோத்து நடக்கும் என்றார்கள். உதுமானுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்துவைத்துவிட்டுச் சொன்னார்: "கைகோக்காகளாம். சரி. எந்தக் கை முதல்ல புண்ணத் தொடணும்னு ஒருத்தரும் சொல்லலியே."

சொன்னாரே தவிர, உள்ளுக்குள் குளிர்ந்துபோய்த்தான் இருந்தார். அதைச் சபியா பார்த்தாள். அன்றைக்கே அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமாக வந்தது.

வெம்பக்கோட்டைப் பக்கத்து நிலையம் ஒன்றில் சித்த மருத்துவராக வந்தவர் சுந்தரபாண்டி. இருபத்தெட்டு வயது. ஒப்பந்த வேலை. தினம் நாற்பது நோயாளி வரவேண்டும் என்று மேலே சொல்லியிருந்தார்கள், பன்னிரண்டு பேர் வந்தார்கள். எதிர் அறையில் இருந்த அலோபதி டாக்டர் அவரோடு பேசுவதே கிடையாது. மூட்டுவலிக்காரர்களைப் பார்த்து, "கஷாயக் கேசெல்லாம் அந்தப் பக்கம்" என்று கட்டைவிரலைக் காட்டுவாராம். இரண்டு மருத்துவமும் கைகோத்து நடந்த தூரம் அந்தக் கட்டைவிரல் நீளம்தான்.

சுந்தரபாண்டி கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"பாய், எனக்கு வரவேண்டிய மருந்து டப்பா ஆறு மாசமா வரல. ஒங்க குங்கிலிய வெண்ணெய நான் குடுக்கட்டுமா?"

"அதுக்கென்ன டாக்டர், நானே செஞ்சு தாரேன்."

அவர் போன பிறகு சபியா சொன்னாள்: "வேண்டாங்க. இங்கன நாம பாக்கோம், அடங்கலேன்னா அனுப்புதோம். அங்கன யாரு உள்ளங்கைய வச்சுப் பாப்பா?"

"அவரு படிச்ச டாக்டரு."

"படிச்சவரு. பன்னெண்டு பேரு வர்ற எடத்துல நாப்பது பேரு வேணும்னு தவிக்கிறவரு. அவரு யாரைத் திருப்பி அனுப்புவாரு?"

"காலேஜ் படிச்ச திமிருல பேசாத. என் சரக்க கவர்மெண்டே எடுத்துக்கிடுது, ஒனக்குப் பொறுக்கல."

இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன மோசமான வார்த்தை அதுதான். மறுநாளே மன்னிப்புக் கேட்டார். ஆனால் வெண்ணெயையும் கொடுத்தனுப்பினார்.

பத்து நாளில் அந்த நிலையத்து வாசலில் போர்டு வந்தது. 'தீக்காயங்களுக்கு இங்கே சித்த மருத்துவம் இலவசம்.' உதுமான் போய்ப் பார்த்தார். கீழே ஒரு வரி சேருங்கள், உள்ளங்கைக்கு மேல் என்றால் பெரியாஸ்பத்திரி என்று எழுதுங்கள் என்று கேட்டார். போர்டில் இடமில்லை என்றார்கள். இடம் இருந்தது. ஒரு மூலையில் தாமரைப் பூ வரைந்து வைத்திருந்தார்கள்.

கொட்டகைக்காரர்களுக்கு அதைவிட நல்ல காலம் வாய்க்காது. இதுவரை காயம்பட்டவனை உதுமானிடம் ஒளித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது, அந்த மனுஷனும் பாதிப் பேரைப் பஸ் ஏற்றிவிடுவார். இப்போது அரசாங்க ஆஸ்பத்திரிக்கே பகலில் வேனில் கொண்டுபோகலாம். தீக்காயம் என்று எழுதினால் எதிர் அறை டாக்டர் போலீசுக்குச் சொல்ல வேண்டும். ஆகவே சுந்தரபாண்டி 'தோல் நோய்' என்று எழுதினார். முதலில் சின்னச் சின்னக் காயங்கள். தினசரி எண்ணிக்கை இருபத்தைந்தாயிற்று, முப்பதாயிற்று. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

உதுமானுக்கு இது தெரியாது. சபியாவுக்குத் தெரியவந்தது 2009 ஜூலை பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு.

உதுமான் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். வேன் வந்து நின்றது. பொம்பளைக் கேசு, டாக்டர் கூப்பிடுகிறார் என்றார்கள். சபியா கடையைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஏறினாள்.

சுகாதார நிலையத்தில், சித்தப் பிரிவின் மர மேஜைமேல், கொட்டகையில் கூலிக்குப் போகிற தாயில்பட்டி சோலையம்மாளைப் படுக்கவைத்திருந்தார்கள். முப்பத்தொரு வயது. பாவாடைக்குப் பதிலாக யாருடைய கைலியையோ மேலே போட்டிருந்தார்கள். சபியா அதை விலக்கினாள். இரண்டு தொடை, வயிறு, இடது மார்பு, கழுத்து. சோலையம்மாளின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்க்கிற வேலையே இல்லை. அந்த உள்ளங்கையும் வெந்திருந்தது.

"அக்கா, எரியல. சரியாயிருமா?" என்றாள் சோலையம்மாள். எரியவில்லை என்றால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். சபியாவுக்கு அது தெரியும்.

வெளியே வந்து, "டாக்டர், நூத்தியெட்டக் கூப்பிடுங்க" என்றாள்.

சுந்தரபாண்டி சுவரைப் பார்த்தார். வாசலில் முத்துராமலிங்கம் நின்றிருந்தார்.

"ஏம்மா, கவர்மெண்டு போர்டு போட்டு, கவர்மெண்டு டாக்டரு உக்காந்து, ஒன் வீட்டு மருந்து இருக்கு. பின்ன எதுக்கு நூத்தியெட்டு?"

"இது எங்க மருந்துக்கு அடங்காது."

"ஒன் மருந்து மேல ஒனக்கே நம்பிக்கை இல்லியா? நல்ல கடைம்மா!"

"இல்ல. இந்தக் காயத்துக்கு எனக்கு நம்பிக்கை இல்ல. போர்டுல எழுதச் சொன்னாரு எம் புருசன். நீங்க பூவு வரஞ்சு வச்சிருக்கீக."

"பூவு நான் வரையலம்மா" என்று சிரித்தார் அவர். கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

எதிர் அறை பூட்டியிருந்தது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். சபியாவிடம் செல்போன் கிடையாது. மேஜை மேலிருந்த போனை எடுக்கப் போனாள். சுந்தரபாண்டி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, கண் கலங்க, "அக்கா, நான் பாத்துக்கிடுதேன். நான் அனுப்பி வைக்கேன், நீங்க பூசி மட்டும் விடுங்க" என்றார்.

அவள் பூசினாள். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. அந்தப் பெண் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஈரத்துணி வைத்து, மெதுவாக, பட்டும் படாமலும் பூசினாள். பூசும்போது தோல் அவள் விரலோடு வந்தது.

டாக்டர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார் என்று நம்பித்தான் சபியா வீடு திரும்பினாள், உதுமானிடமும் அப்படித்தான் சொன்னாள். முத்துராமலிங்கத்தின் வேன் சோலையம்மாளை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. தாயில்பட்டிக்குக் கொண்டுபோய் வீட்டில் இறக்கியது, ஒரு டப்பா வெண்ணெயோடு. மூன்றாம் நாள் இறந்தாள். காய்ச்சல் என்று சொல்லி எரித்துவிட்டார்கள்.

நாலாம் நாள் அவள் புருஷன் மாரிசாமி கடைக்கு வந்தான். டப்பாவை எடுத்து உதுமானின் மேஜைமேல் வைத்தான். முக்கால்வாசி காலியாகியிருந்தது.

"ஒங்க மருந்துதான பாய். கவர்மெண்டு மருந்துன்னு சொன்னாக. நானும் மணிக்கொருக்க பூசுனேன். எதுக்குச் செத்தா?"

உதுமான் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு அனுப்புறதுக்கு முந்தி ஒம் பொஞ்சாதி உள்ளங்கைய வச்சு யாரும் பாக்கலியாப்பா?"

"உள்ளங்கையா? அவ கையில வெரலே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எதுக்கு வச்சுப் பாக்கணும்?"

அன்றிலிருந்து உதுமான் வெண்ணெய் செய்யவில்லை. மனு எழுதினார். எங்கே சுட்டது என்று கேட்காத கடையிலிருந்து, சோலையம்மாளுக்கு எங்கே சுட்டது, எத்தனை மணிக்குச் சுட்டது, எந்தப் பதிவேட்டில் எந்த வார்த்தை எழுதப்பட்டது என்று எல்லாம் எழுதப்பட்ட மனு போயிற்று. அதற்கு ஏதாவது நடந்தால்தான் மாரிசாமிக்கு இழப்பீடு. 'தோல் நோய்' என்று இருக்கிறவரை அவன் பெண்டாட்டி தீயில் சாகவே இல்லை. சொறி வந்து செத்தவளுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்?

சாபிர் வந்து அண்ணனிடம் கத்தினான். "காக்கா, ஒங்களுக்கு என்ன பைத்தியமா? சீசன் நேரம். நாலாயிரம் பொட்டிக்கு லேபிள் ஆர்டர் நிக்கி."

"நிக்கட்டும்" என்றார் உதுமான். "நான் குடுத்த மருந்துலே அது. என் பேரச் சொல்லித்தான் அந்தப் பிள்ளைய அங்கன படுக்க வச்சிருக்கானுக."

அந்த விசாரணைக்குத்தான் அவர் ஆகஸ்ட் நாலாம் தேதி போனார். மனு கொடுத்தவர் இறந்ததால் விசாரணையை இருபத்தேழாம் தேதிக்குத் தள்ளிவைத்தார்கள். இரண்டாவது சாட்சி என்று மனுவில் சபியாவின் பெயர் இருந்தது. உண்மையில் முதல் சாட்சியே அவள்தான். உதுமான் அந்தக் காயத்தைப் பார்த்ததே இல்லை.

சாபிர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டு வந்து, திரைக்கு வெளியே நின்று சொன்னான்: "ஹஜ்ரத்கிட்ட கேட்டேன் மைனி. இத்தாவுல இருக்கிற பொம்பள வாசப்படி தாண்டக் கூடாதுன்னுட்டாரு. அதுவும் நோன்பு வேற. ஆபீசுக்கு ஒரு லெட்டர் குடுத்துருவோம், வர முடியாதுன்னு. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

சபியா கையெழுத்துப் போடாமல் லெட்டரை வாங்கி வைத்துக்கொண்டாள். சாபிரின் மனைவி சுமைரா தினம் நோன்புக் கஞ்சி கொண்டுவருவாள்; மூத்தவள் என்று சபியாவை மச்சி என்பாள். அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சுமைரா, ஹஜ்ரத் வீட்டம்மா ஒனக்குப் பழக்கந்தான?"

"ஆமா மச்சி. ஏன்?"

"இதப் போயிக் கேட்டுட்டு வா. சாட்சி சொல்ல ஆளில்லாம ஒருத்தனுக்கு நியாயம் போவுது. இத்தாவுல இருக்கிறவ போலாமா, கூடாதா? நான் கேட்டேன்னு கேளு."

மறுநாள் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டுச் சுமைரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மச்சி, ஹஜ்ரத்துக்குக் கோவம் வந்துருச்சு. 'எங்கிட்ட யாரும் வந்து கேக்கவே இல்லியே, நான் எங்க சொன்னேன்'னு சத்தம் போடுதாரு. அவசியம்னா பகல்ல போயிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணுமாம். சாட்சியத்த மறைக்கிறதுதான் பாவமாம்."

"ஒம் புருசன் கேட்டேன்னானே."

"அவுக முத்துராமலிங்கத்துக்கிட்ட கேட்டிருப்பாக" என்றாள் சுமைரா. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று திடுக்கிட்டவளாகத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் இருபத்தேழாம் தேதி காலை ஏழு மணிக்கு அவளே ஆட்டோவோடு வாசலில் நின்றாள்.

கலெக்டர் ஆபீசில் அந்தப் பெஞ்சு அப்படியே இருந்தது. சபியா அதில் உட்காரவில்லை. இரண்டு மணி நேரம் நின்றாள்.

விசாரணை செய்த அதிகாரி ஒரு பெண். சோர்ந்த முகம். மேஜைமேல் சுகாதார நிலையத்துப் பதிவேடு கிடந்தது. ஒரு பக்கம் முத்துராமலிங்கமும் அவர் வக்கீலும். இன்னொரு பக்கம் சுந்தரபாண்டி, சவரம் செய்யாத முகத்தோடு. கடைசியில் மாரிசாமி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு.

வக்கீல் கேட்டார்: "நீங்க டாக்டரா?"

"இல்ல."

"நர்சா?"

"இல்ல. பி.எஸ்சி. தாவரவியல்."

"செடி கொடி படிச்சவங்க. சரி. ஒரு டாக்டர் தோல் நோய்னு எழுதியிருக்கார். நீங்க தீக்காயம்னு எப்படிச் சொல்றீங்க?"

"தோலு என் வெரலோட வந்துச்சு சார். எந்தத் தோல் நோய்க்கும் அப்படி வராது. கருமருந்து வாடை முடியில இருந்துச்சு. பாவாடை நாடா இடுப்புல உருகி ஒட்டியிருந்துச்சு. நான்தான் பிச்சு எடுத்தேன்."

மாரிசாமி எழுந்து வெளியே போனான்.

வக்கீல் விடவில்லை. "எத்தனை வருஷமா உங்க கடையில தீக்காயம் பாக்கறீங்க?"

"இருவத்தாறு வருசமா நான் பாக்கேன். அதுக்கு முந்தி எங்க மாமனார்."

"நூத்துக்கணக்குல பாத்திருப்பீங்க?"

"ஆமா."

"எத்தனை தடவை போலீசுக்குத் தகவல் சொன்னீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். உதுமானுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் யோசித்துக்கொண்டிருந்தது இதற்கான பதிலாகத்தான் இருக்கும்.

"ஒரு தடவ கூட இல்ல" என்றாள். "கேக்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம். அதனாலதான் இவுகளுக்கெல்லாம் எங்க கடை வேண்டியிருந்துச்சு. அதுல எங்களுக்கும் பங்கு இருக்கு. எழுதிக்கிடுங்க அம்மா. ஆனா அடங்காத காயத்த அடங்கும்னு நாங்க சொன்னதில்ல. அதச் சொன்னது இவுக வாசல்ல வச்ச போர்டு. அதையும் எழுதிக்கிடுங்க."

அதிகாரி எழுதினார். பிறகு சுந்தரபாண்டியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. தோல் நோயா?"

அவர் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது. "தீக்காயம் மேடம். நான்தான் மாத்தி எழுதினேன். எல்லாம்... ஏப்ரல்லருந்து எல்லாம் அப்படித்தான் எழுதினேன். எனக்கு நம்பர் வேண்டியிருந்தது."

முத்துராமலிங்கம் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை மூடினார். தன் முறை வரும்வரை காத்திருக்கிற பழக்கம் அவர்களுக்கு இருந்தது. நிலம் குத்தகைக்கு விட்டது, குத்தகைக்காரன் ஓடிவிட்டான், அவன் பெயர் முகவரி தெரியாது என்று பிறகு எழுதிக் கொடுத்தார்கள்.

வெளியே மாரிசாமி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். சபியா அவனைக் கடந்துபோகும்போது எழுந்து நின்றான். நன்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நீங்க அன்னைக்குப் பூசாம இருந்திருந்தா, அவளக் கொண்டுபோயிருப்பாங்களோ?"

"தெரியலப்பா" என்றாள். அது உண்மை. அந்தக் கேள்வியோடுதான் அவள் இத்தா இருக்கிறாள்.

பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு சாபிர் பத்து நாள் வரவில்லை. லேபிள் ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டதாகச் சுமைரா சொன்னாள்.

விசாரணை முடிந்து முதல் நோட்டீஸ் யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? சபியாவுக்குத்தான். பதிவு பெறாமல் மருத்துவம் பார்த்ததாக அவளே ஒப்புக்கொண்ட வாக்குமூலத்தின் பேரில் விளக்கம் கேட்டிருந்தார்கள். சுந்தரபாண்டியின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. எதிர் அறை டாக்டர் அந்த மதியம் சாப்பிடப் போயிருந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை. மேலிடத்துப் பாராட்டுக் கடிதத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கொட்டகைகளில் மூன்றைப் பிரித்தார்கள். தீபாவளிக்கு முன்னால் அவை வேறு காட்டில் நின்றன.

பதிவேட்டில் மட்டும் அந்த வரி மாறியது. அதிகாரியின் உத்தரவுப்படி 'தோல் நோய்' என்பதைச் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்து, மேலே 'தீக்காயம்' என்று எழுதி, சுந்தரபாண்டியே போவதற்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்டார். அதன் நகல் ஒன்று போலீசுக்கு, ஒன்று மாரிசாமிக்கு. அந்த நகல் இருந்தால்தான் இழப்பீட்டு மனுவை வாங்குவார்கள். நகலில் நிலையத்தின் வட்ட முத்திரை வேண்டும், முத்திரை எதிர் அறை டாக்டரின் அலமாரியில் இருக்கிறது. மாரிசாமி முதல்முறை போனபோது அவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை போனபோது, சித்த மருத்துவத்தையும் அலோபதியையும் இணைத்துச் செயல்படுவது பற்றிய மூன்று நாள் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார். மூன்றாம் முறை சாவி இல்லை என்றார்கள்.

இன்று நவம்பர் பதினாறு. நகலில் முத்திரை இன்னும் குத்தவில்லை.